மடக்க முடியாத முழங்கால்

எமது தந்தையாரின் ஆட்டைத் திவசம் சென்ற மார்கழி மாதத்தில் யாழ்ப்பாணத்திலுள்ள எமது இல்லத்தில் நடைபெற்றது. கனடாவிலே குடியேறி வாழும் தமக்கையார், தம் மகளையும் அழைத்துக்கொண்டு அதற்கென வந்திருந்தார். கிரியைகள் முடிந்து ஐயரும் விடைபெற்றுச் சென்ற பின்னர், வழக்கம் போல விறாந்தையிலே பாய் விரித்து, வாழையிலை போட்டுப் பந்தி வைத்தோம். உறவினர் யாவரும் வரிசையாக அமர்ந்தனர். எம் மருமகளும் அமர்ந்தாள். ஆனால் வலக்காலை இலைக்குப் பக்கவாட்டில் நீட்டியபடியே அமர்ந்தாள்.

எமது பெரியம்மா வயது எழுபத்தாறு நிரம்பியவர், ஆசாரம் வழுவாதவர். அவர் கண்ணில் அது பட்டுவிட்டது. "இதென்ன பிள்ளை, இலைக்குப் பக்கத்திலை காலை நீட்டிக்கொண்டு? மடக்கி இரு மோனை" என்றார். பிள்ளை முகம் சிவந்து, காலை மடக்க முயன்றாள். முழங்கால் பாதி வழி வந்து நின்றுவிட்டது. "ஏலாது அம்மம்மா" என்று மெல்லக் கூறி, இலையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தமக்கையார் தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், உண்ணவில்லை.

அப்பந்தியிலே எழுபத்தாறு வயது மூதாட்டி சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். இருபத்திரண்டு வயது இளம்பெண் அமர இயலாது எழுந்து போனாள். இது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இதிலே எமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் வாசகர்க்குக் கூறவே இதனை எழுதுகின்றோம்.

மருமகள் பிறந்து வளர்ந்தது ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில். பாடசாலையில் உடற்பயிற்சிப் பாடவேளையொன்றில் அவள் கையிலே ஒரு கோலைக் கொடுத்தார்கள். கோலின் நுனியிலே சிறு வலைப்பை ஒன்று பின்னப்பட்டிருந்தது. அதனாலே பந்தை ஏந்தி, எறிந்து, ஓடி, எதிரணியின் வலைக்குள் செலுத்தவேண்டும். லக்றோஸ் என்பது இவ்வாட்டத்தின் பெயர். எம் நாட்டவர் பலர் இதனைக் கேள்விப்பட்டும் இரார். ஆயினும் கனடாவிலே 1994ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி பனிக்கால விளையாட்டு ஐஸ் ஹொக்கி. கோடைகால விளையாட்டு லக்றோஸ்.

இது வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள் தந்த விளையாட்டாகும். இறொக்குவா எனப் பிறரால் அழைக்கப்பெற்ற ஹோடினோஷோனி மக்கள், படைத்தவனை மகிழ்விக்கவும் நோயுற்றோரைக் குணப்படுத்தவும் இதனை ஆடினர். இன்றும் ஆடி வருகின்றனர். அவர்களுக்கு இது ஆட்டம் மாத்திரமன்று, மருந்துமாகும். 1860களில் மொன்றியல் நகரத்துப் பல் வைத்தியரான வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் என்பார் இதற்கு எழுத்திலே விதிகள் வகுத்தார். 1890இல் ஸ்கொத்லாந்தின் சென். லெனாட்ஸ் பாடசாலையிலே பெண்களின் முதலாவது போட்டி நடைபெற்றது. 1904இலும் 1908இலும் ஒலிம்பிக் அரங்கில் ஆடப்பெற்ற இவ்விளையாட்டு, 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெறும் என்பது 2023இல் முடிவாயிற்று. நோயைத் தீர்க்கவென ஆடப்பெற்ற ஆட்டம் ஒரு பிள்ளையை நோயாளி ஆக்கியமை எமக்கு ஆறாத வியப்பைத் தருகின்றது.

பெண்கள் ஆடும் லக்றோஸில் மரபாக ஒரு பக்கத்துக்குப் பன்னிருவர். ஆண்கள் ஆட்டத்தைப் போல மோதித் தள்ளுதற்கு அதில் இடமில்லை. ஆகையால் தலைக்கவசமும் கட்டாயமன்று. இலக்குக் காப்பாளர் மாத்திரம் அதனை அணிவார். ஏனையோருக்குக் கண்ணைக் காக்கும் கவசமும் பற்கவசமுமே துணை. பந்தோ திண்ணிய இறப்பராலானது; கிறிக்கெற் பந்தைவிடச் சற்றே இலேசானது. விரைந்து ஓடும்போதே சடுதியாக நின்று, ஒற்றைக் காலை ஊன்றி, எதிர்ப்புறம் திரும்பிப் பாய்தல் இவ்வாட்டத்தின் உயிர்நாடி. காயம் புகும் வாயிலும் அதுவே.

மருமகள் அவ்வாறு திரும்புவதிலே வல்லவள். பதினாறு வயதிலேயே மாகாணத்தில் பேசப்படும் ஆட்டக்காரியாக விளங்கினாள். அமெரிக்காவிலுள்ள கல்லூரியொன்று, ஆட்டத்தின் பொருட்டுப் படிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்பதாக அழைத்தது. தமக்கையார் எமக்குத் தொலைபேசியிலே அதனைக் கூறியபோது அழுதார். மைத்துனர் இரவு வேலை செய்பவர். அப்பணம் அக்குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் அறிவோம். எமது கல்லூரி ஆசிரியர் அறையிலே அனைவருக்கும் இனிப்பு வழங்கினோம்.

முதலில் வந்தது கணுக்கால் சுளுக்கு. பாடசாலைக் காலத்திலேயே மூன்று தடவை சுளுக்கிற்று. ஒவ்வொரு தடவையும் ஐஸ் வைத்துக் கட்டினார்கள். வீக்கம் வற்றியதும் களத்திலே இறங்கினாள். ஒருமுறை நன்கு சுளுக்கிய கணுக்கால் சமநிலையை உணரும் ஆற்றலிற் குறைந்துவிடுகின்றது என்றும், முறையான பயிற்சியால் அதனை மீட்காவிடில் மீண்டும் மீண்டும் பிறழும் என்றும் இன்று வைத்தியர் கூறுகின்றனர். அன்று எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வசந்தகாலத்திலே, அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டத்தின் நடுவே வலக்காலை ஊன்றித் திரும்பினாள். எவரும் அவளைத் தொடவில்லை. தடியொன்று முறிந்தாற் போன்ற ஓசை தன் உடம்பினுள்ளே கேட்டது என்று எமக்குப் பின்னர் கூறினாள். முழங்காலின் நடுவே தொடை என்பையும் கணைக்கால் என்பையும் பிணைத்து நிற்கும் நார்களுள் முன்னாலுள்ளது அறுந்துவிட்டது.

இக்காயம் ஓடித் திரும்பும் விளையாட்டுகளிலே ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக நேர்கின்றது. இரண்டு மடங்கு முதல் எட்டு மடங்கு வரை எனப் பலவாறாகக் கணித்துள்ளனர். இடுப்பின் அமைப்பு, தொடைத் தசைகளின் வலு, குதித்து ஊன்றும்போது முழங்கால் உட்புறமாகச் சாயும் பழக்கம் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அறுந்த நார் தானாகச் சீராகப் பொருந்துவது அரிது. ஆதலால் அவளுடைய தொடையின் பின்புறத்திலிருந்தே நாரொன்றை எடுத்து, முழங்காலினுள்ளே புதிதாகப் பொருத்தினார்கள்.

இங்கேதான் விளங்கிக்கொள்ள வேண்டிய நுட்பமொன்று உண்டு. பொருத்தப்பட்ட நார் உடனே உறுதியடைவதில்லை. அது முதலில் நலிந்து, பின்னர் குருதியோட்டம் பெற்று, மெல்ல மெல்லவே வலுவடைகின்றது. ஆனால் வலியும் வீக்கமும் அதற்கு வெகு முன்னரே நீங்கிவிடுகின்றன. "நான் குணமடைந்துவிட்டேன்" என்று பிள்ளையின் மனம் சொல்லும் வேளையில், "இன்னும் இல்லை" என்று முழங்கால் சொல்ல வாயற்றிருக்கின்றது. ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைப் பின்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயமுறும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது என 2016இல் வெளியான நோர்வே நாட்டு ஆய்வொன்று கண்டது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டு மீண்டும் விளையாட்டுக்குத் திரும்புவோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்த முழங்காலிலோ மற்றையதிலோ மறுபடியும் அதே காயத்தை அடைகின்றனர்.

சத்திரசிகிச்சை வைத்தியர் ஒன்பது மாதம் என்றே கூறியிருந்தார். பயிற்றுநரும் வற்புறுத்தவில்லை. "உனக்கு எப்போது இயலுமோ அப்போது வா" என்றே கூறினார். ஆயினும் தோழியர் "எப்போது திரும்புவாய்?" என்று கேட்டனர். தந்தை கேட்டார். கோயிலிலே கண்ட அயலவர் கேட்டனர். ஏழாம் மாதத்திலே ஓர் இரவு அவள் எம்மைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, வைத்தியர் பொறுக்கச் சொல்கிறார். எனக்கு நோ ஒன்றும் இல்லை. என்ன செய்ய?" என்றாள்.

நாம் அப்போது கூறிய விடை எமக்கு இன்றும் நினைவிருக்கின்றது. எமது பதினெட்டாம் வயதிலே, பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்ட இறுதிப் போட்டியன்று கணுக்கால் வீங்கியிருந்தமையும், பழஞ்சேலைத் துண்டை நல்லெண்ணெயில் நனைத்து இறுகக் கட்டிக்கொண்டு ஆடியமையும், பிற்பாதியிலே நாம் அடித்த பந்து வலைக்குள் புகுந்தமையும் ஆகிய கதையை விரிவாகச் சொன்னோம். இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் அணிக்கும் நாம் சொல்லிவரும் கதை அது. ஈற்றிலே "வலிக்கு அஞ்சுகிறவன் எதையும் சாதிப்பதில்லை" என்று முடித்தோம். "சரி மாமா" என்றாள் பிள்ளை.

மறுவாரம் களத்திலே இறங்கினாள். எட்டாம் மாதத்தில், ஒரு மாலைப் பயிற்சியின்போது, பொருத்திய நாரும் அறுந்தது. இம்முறை முழங்காலினுள்ளே மெத்தை போல அமைந்துள்ள பிறை வடிவக் குருத்தெலும்பும் கிழிந்தது. மீண்டும் சத்திரசிகிச்சை, மீண்டும் ஊன்றுகோல், மீண்டும் இயன்மருத்துவரிடம் காலை நீட்டி மடக்கக் கற்கும் பாலர் பாடம்.

உடம்புற்ற துன்பத்தை நாம் ஓரளவு விளங்கிக்கொண்டோம். மனமுற்ற துன்பத்தை விளங்கிக்கொள்ளவில்லை. அவளது நாள் முழுவதும் அணியின் நாளாகவே இருந்தது. விடியற்காலைப் பயிற்சி, ஒன்றாக உணவு, ஒன்றாகப் பிரயாணம், ஒன்றாக வெற்றி தோல்வி. காயமுற்றவளுக்கோ வேறு நேரம், வேறு அறை, வேறு பயிற்சி. தோழியர் வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்தில் ஏறிச் செல்ல, அவள் வெறிச்சோடிய விடுதியிலே காலைத் தலையணைமீது உயர்த்தி வைத்துக்கொண்டு கிடந்தாள். மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியையும் எண்ணினாள். உறக்கத்திலே முழங்கால் அறும் ஓசை கேட்டு விழித்தாள். இவற்றையெல்லாம் அவள் பெற்றோருக்குச் சொல்லவில்லை. "எப்போது திரும்புவாய்?" என்று கேட்பவர்களிடம் இதனை எவ்வாறு சொல்வது?

ஆகையாலே மூன்றாம் முறையும் திரும்பினாள். இம்முறை ஓராண்டு பொறுத்தே திரும்பினாள். முழங்கால் தாங்கிற்று. ஆனால் போட்டியொன்றிலே எதிரணியாளின் கோல் தவறுதலாக அவள் பொட்டிலே பட்டது. கண் சற்று இருண்டது, பின்னர் தெளிந்தது. தலைவலியை எவரிடமும் சொல்லாமல் எஞ்சிய நேரமும் ஆடினாள். நான்கு நாளின் பின் பயிற்சியிலே கீழே விழுந்து மீண்டும் தலை அதிர்ந்தது. அதன் பின்னர் ஆறு வாரம் ஒளியைப் பார்க்க இயலாது, நூலை விரித்தால் எழுத்து நீந்த, திரைச்சீலையை இழுத்து மூடிய அறையிலே வாழ்ந்தாள்.

இதிலே எம்மைத் திடுக்கிடச் செய்த செய்தி வேறு. ஒட்டாவா நகரிலே ரோவன் ஸ்ரிங்கர் என்ற பதினேழு வயது மாணவி இருந்தார். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், றகர் ஆட்டத்திலே ஒரே வாரத்துக்குள் தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு அவர் இறந்தார். முதல் அதிர்ச்சியிலிருந்து மூளை ஆறுமுன்னர் இன்னொரு அதிர்ச்சி நேரின் உயிரையே பறிக்கக்கூடும் என்பதை அம்மரணம் உலகுக்கு உணர்த்திற்று. 2018இல் ஒன்ராறியோ மாகாணம் அவர் பெயராலேயே சட்டமொன்றை இயற்றிற்று. தலையில் அடிபட்டதாக ஐயுறப்படும் ஆட்டக்காரரை உடனே களத்திலிருந்து அகற்றவேண்டும்; வைத்தியர் அனுமதித்த பின்னரே படிப்படியாகத் திரும்பவிடவேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை அம்மாணவியின் நினைவு நாளாகும். எம் மருமகள் ஒன்ராறியோவில் படித்தவள். அக்கதையைப் பாடசாலையிலே கேட்டு வளர்ந்தவள். அறிந்திருந்தும் மறைத்தாள்.

"ஏன் பிள்ளை மறைத்தாய்?" என்று அன்று மாலை, திவசத்துக்கு வந்தோர் யாவரும் சென்ற பின்னர், விறாந்தையிலே இருந்து கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு, "முழங்காலாலே ஏற்கனவே எல்லாரையும் காக்க வைத்துவிட்டேன் மாமா. இன்னொரு முறை எப்படிக் கேட்கிறது?" என்றாள். அதன் பின் சிரித்துக்கொண்டே, "நீங்கள் எண்ணெய்ச் சேலை கட்டி விளையாடின ஆள். உங்களுக்கு விளங்காது" என்றாள்.

அவள் எம்மைக் குறை கூறவில்லை, பரிகாசமாகவே சொன்னாள். ஆனால் அச்சிரிப்பு எமது நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது. ஏனெனில் அக்கதையிலே நாம் சொல்லாது விடும் பகுதி ஒன்று உண்டு. அக்கணுக்கால் எமக்கு இன்றும் மழைக்காலத்திலே நோகின்றது. நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று நெடுநேரம் நின்றால் இரவிலே வீங்குகின்றது. மனைவியார் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க, நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம். வலைக்குள் புகுந்த பந்தைப் பற்றி இருபது ஆண்டுகள் பேசிய நாம், ஒத்தடத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அவளுக்கு முன்னாலிருப்பது ஒத்தடத்தோடு தீரும் காரியமன்று. இத்தகைய முழங்காற் காயமுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்வு தோன்றுகின்றது. நாற்பது வயதை எட்டுமுன்னரே முதியவரின் முழங்கால் அவளுக்கு வாய்க்கக்கூடும். இதனை அவளும் அறிவாள். அறிந்தே, சென்ற கார்த்திகையிலே, இனி ஆடுவதில்லை என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அதனை நாம் யாவரும் தோல்வியென்றே எண்ணினோம். மூன்று முறை திரும்பியதற்கு வேண்டிய துணிவைவிட, திரும்பாதிருத்தற்கு வேண்டிய துணிவு பெரிது என்பது அன்று மாலையே எமக்கு விளங்கிற்று.

அவள் நின்ற மூன்று வாரமும் மாலை வேளைகளில் ஒழுங்கையிலே அயற் சிறுவர் தென்னைமட்டையால் கிறிக்கெற் ஆடுவர். ஒருநாள் பந்து மதிலைத் தாண்டி விறாந்தைப் பக்கமாகப் பறந்து வந்தது. கதிரையை விட்டு எழாமலே இடக்கையை நீட்டிப் பிடித்தாள். சிறுவர் வாயைப் பிளந்தபடி மதிலின்மேல் ஏறி நின்றனர். "அக்கா, விளையாட வாறீங்களோ?" என்றான் ஒருவன். அவள் கண்ணிலே கணப்பொழுது தோன்றிய ஒளியை நாம் கண்டோம். பின்னர், "விளையாட ஏலாது. பந்து பிடிக்கச் சொல்லித் தாறன்" என்றாள். அன்று முதல் அவள் கதிரை படலையடியிலே போடப்பட்டது.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் உறவினர் மீண்டும் விருந்துக்குக் கூடினோம். பாய் விரிக்கும் வேளையிலே பெரியம்மா அடுக்களைக்குள்ளிருந்து முக்காலி ஒன்றையும் கதிரை ஒன்றையும் தாமே இழுத்து வந்தார். முக்காலியின்மீது வாழையிலையை விரித்து, "நீ இதிலை இரு பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தமக்கையார் அன்று வயிறார உண்டார்.

சென்ற மாதம் எமது கல்லூரி மைதானத்திலே உதைபந்தாட்டப் போட்டியொன்று நடைபெற்றது. அணித்தலைவன் சப்பாத்து அணியும்போது முகம் சுளித்ததைக் கண்டோம். "நோகேல்லை சேர்" என்றான். கணுக்காலை மெல்ல அழுத்தினோம், துடித்தான். எமது பழங்கதை நாவின் நுனி வரை வந்தது. அதனை விழுங்கிக்கொண்டு, "நீ இன்றைக்கு என்னோடு இரு தம்பி" என்றோம். ஒரு கோலினால் தோற்றோம். பழைய மாணவர் ஒருவர், "மாஸ்ரர், அந்தக் காலத்திலே நீங்கள் வீங்கின காலோடை ஆடினனீங்கள் அல்லவோ?" என்று கேட்டார். "ஆடினேன். அந்தக் கால் இன்றும் நோகின்றது" என்று, வாழ்நாளிலே முதன்முறையாகப் பலர் கேட்கச் சொன்னோம்.

இப்போது பயிற்சி தொடங்குமுன் இருபது நிமிடம் பிள்ளைகளைக் குதித்து ஊன்றவும், ஒற்றைக்காலில் நிற்கவும், முழங்கால் உட்சாயாது திரும்பவும் பழக்குகின்றோம். பீபா நிறுவனம் பரப்பிய பயிற்சிமுறை அது. இத்தகைய பயிற்சிகள் முழங்கால் நார் அறுதலைப் பாதியளவுக்குக் குறைக்கலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. செலவோ ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளிலே இதனைக் கட்டாயம் தொடங்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

அன்றிரவு மருமகளைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொன்னோம். போட்டியிலே வென்றது யார் என்று அவள் கேட்கவில்லை. அவன் மறுபடி எப்போது ஆடுவான் என்றும் கேட்கவில்லை.

"அந்தத் தம்பிக்கு இப்ப எப்படி இருக்குது மாமா?" என்றே கேட்டாள்.